மார்கழியில் கிடைத்த மல்லிப்பூ

மகனே,

ஸ்தோத்திரம் சொல்லிக் கடிதத்தை ஆரம்பிப்பதுதான் நம் வீட்டு வழக்கம். இன்றைக்கு அதற்கு எனக்கு மனசு வரவில்லை. நலமா என்றும் கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "பொங்கலுக்கு ஜான்சிய வர சொல்லும்மா, நீ சொன்னா கேப்பா" என்றாயே, அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது, நீ நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறாய் என்று. பெண்டாட்டியும் ஐந்து மாதப் பிள்ளையும் வாலாஜாபாத்தில் அவள் அம்மா வீட்டில் கிடக்கிறார்கள். நீ தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு, மழை எப்போது விடும் என்று கேட்கிற மாதிரி அவள் எப்போது வருவாள் என்று என்னைக் கேட்கிறாய். பதில் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் குரலை உயர்த்தினால் டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் நடவுக்குப் போய் வந்து, கைச்சேற்றைக் கழுவிவிட்டு, உன் பழைய பள்ளிக்கூட நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் இதை முழுசாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். மானம் போச்சு என்று குதிக்காதே. உன் கிறிஸ்துமஸ் படத்தை ஊரே பார்க்கட்டும் என்று ஸ்டேட்டஸில் போட்டவன் நீ. அதைப் பார்த்த அத்தனை பேரும், "ஜான்சி எங்க, காணோமே" என்று என்னிடம்தான் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று ஒவ்வொருத்தியிடமும் பொய் சொன்னேன். சொன்ன பொய்யைச் சொன்ன இடத்திலேயே திருப்பி எடுக்கவேண்டும். அந்தப் படத்தின் கதையும் அவர்களுக்குத் தெரியட்டும்.

முதலில் அந்தக் கவுன். பாப்பாவுக்கு முதல் கிறிஸ்துமஸ் என்று எல்லோருக்கும் ஒரே நிறத்தில் துணி எடுத்தாய். உனக்கு மெரூன் சட்டை, பாப்பாவுக்கு மெரூன் பிராக், எனக்கு மெரூன் புடவை, ஜான்சிக்குக் கழுத்து வரை மூடிய மெரூன் கவுன். பால் கொடுக்கிற பெண்ணுக்கு முதுகில் ஜிப் வைத்த கவுன் வாங்குகிறவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ஆறு கடை ஏறி இறங்கினேன் என்று பெருமையாகச் சொன்னாய். ஆறு கடையில் ஒரு கடையிலாவது, இவள் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பாள் என்று உனக்குத் தோன்றவில்லை. தைக்கக் கொடுத்து முன்னால் ஹூக் வைத்துக்கொள்கிறேன் என்று அவள் கேட்டதற்கு, கவுனின் லுக்கே போய்விடும் என்றாயாம். லுக்கு போய்விடுமாம்.

பஸ்ஸில் நடந்தது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். செங்கல்பட்டில் நீங்கள் மாறி ஏறிய பஸ்ஸில் பின்சீட்டில் நம் தெரு சரோஜா இருந்தாள். நீ திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வணக்கமாவது சொல்லியிருப்பாய். தாம்பரத்தில் ஏறியபோதே பிள்ளை பசி என்று நெளிய ஆரம்பித்துவிட்டதாம். உத்திரமேரூர் வந்து சேருகிற வரை அது தன் கையைத் தானே சப்பிக்கொண்டு, சப்பினது போதாமல் வீறிட்டுக்கொண்டு வந்திருக்கிறது. பண்டிகைக் கூட்டத்திலும் முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா எழுந்து நின்று, "இங்க ஜன்னலாண்ட வந்து உக்காந்து குடும்மா, நாங்க மறச்சிக்கினு நிக்கறோம்" என்று கூப்பிட்டிருக்கிறாள். ஜான்சி எழுந்தேவிட்டாள். நீ அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, "வேணாங்க, எறங்கி குடுப்பா" என்று அந்த அம்மாவுக்குப் பதில் சொன்னாயாம். கேட்டது அவளை. பதில் சொன்னது நீ. பால் இருக்கிறது அவளிடம், பசி இருக்கிறது பிள்ளையிடம், நடுவில் நீ யாரடா செக்கிங் இன்ஸ்பெக்டர்?

உத்திரமேரூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து நேராகச் சர்ச்சுக்கு வந்தீர்கள். பிரசங்கம் ஆரம்பித்திருந்தது. இங்கேதான் என் பங்கு வருகிறது, அதையும் எழுதிவிடுகிறேன், உன்னை மட்டும் அடித்துவிட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். ஜான்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோடு, "அத்த, வூட்டு சாவி குடுங்க, போயி குடுத்துட்டு வந்துட்றேன்" என்று கேட்டாள். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. வீடு கூப்பிடு தூரம். நான் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஆராதனை முடியட்டும், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று எனக்குத்தான் ஆசை. மெரூன் பிராக்கில் என் பேத்தியை இரண்டு வரிசை பார்க்கவேண்டும் என்று ஆசை. அது வீறிட்டு அழுததைக்கூட, நல்ல தொண்டை, பாட்டுக்குழுவில் சேர்த்துவிடலாம் என்று பக்கத்தில் சொல்லிச் சிரித்தேன். ஜான்சி சிரிக்கவில்லை. இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு குனிந்திருந்தாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் நீ உத்திரமேரூரிலிருந்து வரவழைத்த போட்டோக்காரன் கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால் எல்லோரையும் நிற்க வைத்தான். அப்போதுதான் அவள் கையை எடுத்தாள். கவுனின் முன்பக்கம் இரண்டு பக்கமும் நனைந்து கருத்துக் கிடந்தது. பிள்ளை அழ அழப் பால் தானாக இறங்கியிருக்கிறது. அதற்கு அவள் என்ன செய்வாள்? நீ அத்தனை பேர் எதிரில், "இன்னா இது, ஒரு கர்ச்சீப் வச்சிக்க கூடாதா, படமே நாசமா போச்சி" என்றாய். அவளைத் தள்ளி நிற்கச் சொன்னாய். சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் மறுபடி கையைக் கட்டிக்கொண்டு அவள் நின்றாள். படத்தில் நீயும், நானும், என் கையில் பிள்ளையும். எடுத்து வைத்துப் பார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளை வாயைத் திறந்திருக்கிறது, கொட்டாவி விடுகிறது என்று ஸ்டேட்டஸ் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து, ஜிப்பை இறக்கி, கடைசியில் அவள் கொடுக்கப்போனபோது மார் கல்லாகிவிட்டிருந்தது. பிள்ளையால் பிடிக்கவே முடியவில்லை. இரண்டு தரம் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு அழுதது. நான் அடுப்பில் பிரியாணி தீய்ந்துவிடுமே என்று ஓடினேன். நீ தாம்பரத்திலிருந்தே பையில் கொண்டுவந்திருந்த பால்மாவு டின்னை எடுத்து, வெந்நீர் இருக்கிறதா என்று கேட்டாய். அவள், கொஞ்சம் பீய்ச்சிவிட்டால் இளகும், பிறகு பிள்ளை பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதைக் கேட்க நம் வீட்டில் அன்றைக்கு ஒரு காது இல்லை.

சாப்பிட்டு எல்லோரும் போன பிறகு நீ அடுப்படிக்கு வந்தாய். இதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. மறுநாள் உன் கம்பெனிச் சிநேகிதர்கள் குடும்பம் குடும்பமாக வேனில் மகாபலிபுரம் போகிறார்கள், நாமும் போகவேண்டும், அங்கேயும் இந்தக் கூத்து நடந்தால் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பது என்று புலம்பிவிட்டுக் கேட்டாய்: "ரெண்டு நாளிக்கி மட்டும் பால நிறுத்தி வக்க எதனா இருக்குதாம்மா?"

நீ என்னிடம் ஒரு விஷயம் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா? வேலைக்குப் போன நாளிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் உன் முடிவு. போனில் பட்டனைக்கூட நீதான் அழுத்திக் கொடுப்பாய். அன்றைக்கு வந்து கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னேன்: "மல்லிப்பூவ ரெண்டு பக்கமும் வச்சி இறுக்கி கட்டுனா அடங்கிடும்." பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன். அடங்குவது மட்டுமில்லை, வற்றியும் போகலாம் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

எப்படித் தெரியும் என்றால், நான் கட்டியிருக்கிறேன். முப்பத்தொரு வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். உனக்கு ஏழு மாதம். ஏனாத்தூரில் உன் அப்பா பக்கத்துக் கல்யாணம், இரண்டு நாள். கட்டிக்கொண்டு போக நல்ல புடவை கிடையாது. நான் நடவுக்குப் போகிற வீட்டு அம்மா தன் பச்சைப் பட்டை எடுத்துக் கொடுத்து, "கறை கிறை படாம கொண்டாந்து குடுக்கணும்" என்று சொல்லி அனுப்பினாள். எனக்கு அப்போது பால் அப்படி ஊறும். உன்னைத் தூக்கினாலே ரவிக்கை நனையும். பட்டில் பால் பட்டால் திட்டு விழும், போகவே போகாது. உன் பெரியத்தைதான் மல்லிப்பூ வைத்தியம் சொன்னாள். இரண்டு நாளும் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். உனக்கு யாருடைய வீட்டுப் பாட்டிலிலோ, யார் கரைத்த பாலோ. புடவையைக் கறையில்லாமல் திருப்பிக் கொடுத்தேன், அந்த அம்மா மெச்சிக்கொண்டாள். மூன்றாம் நாள் பூவை அவிழ்த்தபோது பால் வரவில்லை. அந்த வாரத்தில் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. உனக்கு வயிற்றுப்போக்கு கண்டு, காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரித் தரையில் நான்கு நாள் கிடந்தோம். உன் கண் உள்ளே போய்விட்டிருந்தது. பிழைத்து வந்த பிறகு இதே ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, பால் தானாக நின்றுபோனது, பிள்ளையைக் கர்த்தர் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் அழுதார்கள். கர்த்தர் காப்பாற்றியது நிஜம். பால் தானாக நின்றது பொய்.

அதனால் உன் கோபம் எனக்குப் புரியாது என்று நினைக்காதே. நீ கூச்சப்பட்டது பாலுக்காக இல்லை. பேண்ட் சட்டை போட்ட நான்கு பேர், இவன் வரப்பில் உட்கார்ந்து பால் கொடுத்தவள் பெற்ற பிள்ளைதானே என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று உனக்குப் பயம். உனக்கு அந்தக் கவுன் எப்படியோ, எனக்கு அந்தப் பட்டுப்புடவை அப்படி. இரண்டு பேரும் துணியைப் பார்த்தோம், பிள்ளையைப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நான் என் மாரில் கட்டினேன். நீ அவள் மாரில் கட்டப் பார்த்தாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

மார்கழியில் மல்லி கிடைக்குமா? பனியில் செடி பூக்காது, கடையில் கனகாம்பரமும் சாமந்தியும்தான் இருக்கும். நீ உத்திரமேரூர் கடைத்தெரு முழுக்க அலைந்து, அவர்கள் சொன்ன விலையைக் கொடுத்து, வாழையிலையில் சுற்றி நாலு முழம் கொண்டுவந்தாய். தேடினால் உன்னால் தேட முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நீ பொட்டலத்தோடு அவள் இருந்த அறைக்குள் போனாய். நான் வெளியே பிரியாணி தேக்சாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே சண்டைச் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் பழைய நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, பிள்ளையையும் பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். நான் குனிந்து தேக்சாவைத் துடைத்தேன். பொழுது சாய்வதற்குள் வாலாஜாபாத் பஸ் ஏறிவிட்டாள். நீ பின்னாலேயே போகவில்லை. கோபம் தணிந்து தானாக வருவாள் என்றாய். மறுநாள் தனியாக மகாபலிபுரம் போய்க் கடலில் நின்று படம் எடுத்து அனுப்பினாய். பூ கட்டில் மேலேயே கிடந்து வாடியது. நான்தான் அள்ளி எருக்குழியில் போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை நான் வாலாஜாபாத் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. ஜான்சி அங்கே போன இரண்டாம் நாளே அவளுக்கு ஒரு பக்கம் பால் கட்டி, நெருப்பாகக் காய்ச்சல் அடித்திருக்கிறது. அவள் அம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அங்கே நர்ஸ், கொடுக்காமல் அடக்கி வைத்ததால்தான் இப்படி, எந்த நிலைமையிலும் பிள்ளைக்குக் கொடுப்பதை நிறுத்தாதே என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையைப் பிடிக்க வைத்திருக்கிறாள். ஒரு வாரம் ஜான்சி பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்திருக்கிறாள். இப்போது பரவாயில்லை. நான் போனபோது வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எதிரில் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அவள் மறைத்துக்கொள்ளவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

மல்லிப்பூ யோசனை என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "யோசன யாருதா இருந்தா இன்னாங்க. காலயில திட்டுனதுக்கு மனசு கேக்காம எனக்கு பூ வாங்கினு வந்துகீறாருன்னு நெனச்சேன். வச்சி வுடுவாருன்னு தலய திருப்பி காட்டினேன். அப்பறந்தான் எதுக்குன்னு சொன்னாரு. பஸ்ல நடந்தத மறந்துடுவேன். போட்டாவ மறந்துடுவேன். தலய திருப்புனத மறக்க முடில."

நான் அங்கே இருந்த ஒரு மணி நேரத்தில் அவள் என்னை ஒரு தடவைகூட அத்தை என்று கூப்பிடவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். பொங்கலுக்கு வரச்சொல்லி அவளைக் கூப்பிட மாட்டேன். எந்த முகத்தோடு கூப்பிடுவது? பொங்கலன்றைக்கு நான் இங்கே இருக்கவும் மாட்டேன். வாலாஜாபாத் போய் அவள் வீட்டு வாசலில் நிற்பேன், உள்ளே விட்டால் போவேன், விடாவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்புவேன். நீ இங்கே வந்தால் சாவி சரோஜாவிடம் இருக்கும். அரிசி இருக்கிறது, வெல்லம் இருக்கிறது, நீயே பொங்கிச் சாப்பிட்டுக்கொள். சிநேகிதர்களைக் கூட்டிவந்து படம் எடுத்துக்கொள். குழந்தையோடு ஊருக்குப் போவது எப்படி என்று உனக்கு வகுப்பு எடுக்க எனக்குத் தெம்பில்லை. அது அழுதால் அவள் கொடுப்பாள், பஸ்ஸோ சர்ச்சோ மகாபலிபுரமோ, அவள் உட்காருகிற இடத்தில் கொடுப்பாள். நீ செய்யவேண்டியது ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுப்பதும், குடிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுப்பதும், வாயை மூடிக்கொண்டிருப்பதும்தான். இதுகூட முடியாதென்றால் அவளைப் பயணத்துக்கே கூப்பிடாதே. அந்தப் படத்தை ஸ்டேட்டஸிலிருந்து போனதோடு விடாமல் போனிலிருந்தும் அழித்துவிடு. அவள் இல்லாத படத்தில் நான் சிரித்துக்கொண்டிருப்பதை என் பேத்தி வளர்ந்து பார்க்கவேண்டாம்.

வாலாஜாபாத்துக்கு நீயாகப் போவதென்றால் போ. நான் தடுக்கவில்லை, பரிந்து பேசவும் வரமாட்டேன். போகும்போது என்ன வாங்கிக்கொண்டு போகட்டும், புடவையா, பூவா என்று போனில் கேட்டாய். கையை வீசிக்கொண்டு போ. பூ மட்டும் வேண்டாம். இனி நீ எந்தப் பூவைக் கொண்டுபோய் நீட்டினாலும், தலையைத் திருப்புவதற்கு முன்னால், இது எதற்கு என்று அவள் கேட்பாள்.

அம்மா